இரண்டு பட்டியலிலும் இல்லாத பையன்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது மீத்திறனும் வாசிப்புச் சிக்கலும் ஒருங்கே இருந்த ஒரு மாணவனைப் பற்றிய பதிவு. அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எட்டாம் வகுப்பின் முதல் பருவம் முடியும் வரை, ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுகள் நடந்ததை எழுதியிருக்கிறேன். நான் அந்தப் பள்ளியின் சிறப்புக் கல்வியாளர். மாணவனிடமும் பெற்றோரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும், நான் எடுத்த தவறான முடிவு உட்பட எந்த முடிவையும், மாற்றவில்லை.

## பின்னணி

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எங்கள் பள்ளியில் இரண்டு பட்டியல்கள் தயாராகும். ஒன்று மீத்திறன் மாணவர் பட்டியல். அதில் பெயர் வந்தால் வாரம் இரண்டு பீரியட் கணித மன்றம். மற்றொன்று மெல்லக் கற்போர் பட்டியல். அவர்களுக்கு ரிமீடியல் வகுப்பு. இரண்டுக்கும் அளவுகோல் போன ஆண்டு மதிப்பெண்தான். மன்றத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. நடுவில் இருப்பவர்களை யாரும் தேடுவதில்லை.

இந்தப் பையன் சரியாக நடுவில் இருந்தான். வயது 11. எல்லாப் பாடத்திலும் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் மதிப்பெண். ஒழுங்குப் புகார் பெரிதாக எதுவும் இல்லை. வகுப்பில் வேடிக்கையாகப் பேசுவான், பென்சில் முனையை அடிக்கடி உடைப்பான், அவ்வளவுதான்.

பின்னால் அவனுடைய பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். ஐந்து வகுப்பு, ஐந்து ஆசிரியர்கள். “கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது.” “நன்றாகப் பேசுகிறான், எழுதச் சோம்பல்.” “முயன்றால் முதலிடம் பெறுவான்.” “கையெழுத்தில் அக்கறை தேவை.” “வீட்டில் வாசிக்கப் பழக்கவும்.” தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்டிப்பு. ஐந்தையும் சேர்த்துப் படித்தால் கிட்டத்தட்ட ஒரு மதிப்பீட்டு அறிக்கையே அதில் இருந்தது. சேர்த்துப் படிக்க ஐந்து ஆண்டுகளாக ஒருவருக்கும் வேலை இருக்கவில்லை.

## முதலில் கவனித்தது யார்

ஐந்தாம் வாரம் அறிவியல் ஆசிரியர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு விடைத்தாள். மிதத்தல் பற்றிய கேள்வி அது. களிமண் உருண்டை நீரில் மூழ்குகிறது, அதே களிமண்ணைக் கிண்ணம்போலச் செய்தால் மிதக்கிறது, ஏன்? ஐந்து மதிப்பெண். பையன் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: “மிதக்கும்.”

“நேத்து வகுப்புல இதே கேள்வியக் கேட்டேன்,” என்றார் ஆசிரியர். “அவன் என்ன சொன்னான் தெரியுமா? களிமண் மாறல சார், அது ஒதுக்கித் தள்ளுற தண்ணியோட அளவுதான் மாறிடுச்சு, தள்ளுன தண்ணியோட எடை களிமண் எடைக்குச் சமமா வந்துட்டா மிதக்கும்னு சொன்னான். நான் அதுவரைக்கும் அந்தப் பாடத்தையே எடுக்கல.”

சொன்னதும் எழுதியதும் ஒரே தலையிலிருந்து வந்தவை. இடையில் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது. அறிவியல் ஆசிரியர் இதைச் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டாமல் விடைத்தாளோடு என்னிடம் வந்தார். இந்த ஆய்வில் நடந்த நல்லது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

## நாலு வாரக் கவனிப்பு

கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பரிசோதிக்கச் சொன்னோம். இரண்டிலும் குறை இல்லை. அப்புறம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

மொழிப் பாடத்தில் வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பத்தி உரக்க வாசிக்க வேண்டும். தன் முறை வருவதற்கு மூன்று பேர் இருக்கும்போதே அவன் கழிவறைக்குப் போக அனுமதி கேட்பான். போக விடாவிட்டால் ஒரு நகைச்சுவை. வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் ஆசிரியர் அடுத்தவனுக்குப் போய்விடுவார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். போன ஆண்டு அவன் விடுப்பு எடுத்தது 9 நாள். அதில் 6 நாள் சொல்வதை எழுதும் பயிற்சி இருந்த நாள்.

தனியாக அழைத்து வாசிக்கச் சொன்னேன். வகுப்புப் பிள்ளைகள் ஒன்றரை நிமிடத்தில் முடிக்கும் பத்தி அவனுக்கு நாலு நிமிடம் ஆனது. சில சொற்களை அப்படியே மாற்றி வாசித்தான், ஆனால் பொருள் கெடாமல். புத்தகத்தில் “வணிகர்” என்றிருந்தால் அவன் வாயில் “வியாபாரி”. முடித்ததும் ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்துக்கும் சரியான பதில், அதில் ஒன்று நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில். ஆக, வாசிப்பு மெதுவாக இருந்தாலும் புரிந்துகொள்கிறான். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். புரிகிறதே, பிறகென்ன?

அடுத்த நாள் பொருளில்லாத சொற்கள் இருபதை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். “தலுமிகை”, “பொறேசம்”, “கேழனுவு” மாதிரி. எழுத்தைக் கூட்டி ஒலியாக்கத் தெரிந்தால் போதும். ஏழுதான் சரியாக வந்தது. “தலுமிகை” அவனுக்குத் “தலைமை” ஆனது. பாதியில் அட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“இதுக்கு அர்த்தமே இல்லையே மிஸ். எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?”

வாசிப்பதற்கு அவன் பயன்படுத்திய சொல் “கண்டுபிடிக்கிறது”. முதல் எழுத்து, சொல்லின் நீளம், முன்பின் வாக்கியம், தனக்கு ஏற்கெனவே தெரிந்த உலக விஷயம், இவ்வளவையும் சேர்த்து ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துக்கொண்டிருந்தான். ஐந்து வகுப்புகளை ஊகத்திலேயே தாண்டியிருக்கிறான். சாதாரண அறிவுள்ள பிள்ளையால் இது முடியாது. இரண்டாம் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டு, உதவியும் கிடைத்திருக்கும்.

எழுத்தில் லகர ழகர ளகரக் குழப்பம் நிறைய, ஆனால் அது பல பிள்ளைகளுக்கும் உண்டு. எனக்கு உறுத்தியது வேறு. “கொ”, “போ” போன்ற எழுத்துகளில் கொம்பு போட்டுவிட்டுத் துணைக்காலை விட்டுவிடுவான், அல்லது கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவான். ஒலியில் பின்னால் வருகிற உயிருக்கு எழுத்தில் முன்னால் குறி போட வேண்டும். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இணைப்பு தளர்வாக இருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் கண்ணிதான்.

கணித மன்றத்தின் நுழைவுத் தேர்வில் அவன் வாங்கியிருந்தது 25-க்கு 9. அதே தாளை நான் வாய்விட்டு வாசித்து மறுபடி கொடுத்தேன். 21. ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். ஓர் அறையில் 12 பேர், ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? நான் வாசித்ததும் கண்ணை மூடிக்கொண்டான். “அறுபத்தாறு. பன்னெண்டு பேரும் ஆளுக்குப் பதினோரு பேருக்குக் கை குடுப்பாங்க. ஆனா ஒரே கைகுலுக்கலை ரெண்டு பேரும் எண்ணிடுவாங்க, அதனால பாதி.” பழைய தாளில் அவன் எழுதியிருந்த விடை 132. கணித ஆசிரியரும் நானும், பாதியாக்க மறந்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தோம். கேட்டதற்கு, “அதுல இருமுறைன்னுதானே இருந்துச்சு?” என்றான். “ஒருமுறை” என்பதை “இருமுறை” என்று வாசித்திருக்கிறான். அவன் வாசித்த கேள்விக்கு 132 சரியான விடை.

மீத்திறனைக் கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருந்த தேர்வு உண்மையில் ஒரு வாசிப்புத் தேர்வு என்பது அன்று உறைத்தது. ஒன்பதாம் வாரத்திலிருந்து அவன் கணித மன்றத்தில் உட்கார்ந்தான்.

## மதிப்பீடு

உளவியலாளர் ஒருவர் இரண்டு அமர்வுகளில் மதிப்பீடு செய்தார். இந்தச் சோதனைகளில் சராசரி 100. 15 புள்ளி ஏறினாலோ இறங்கினாலோ ஒரு படி என்று கணக்கு. பையனுக்குச் சொல்வழிப் புரிதலில் 136, தர்க்கத்தில் 131. நூற்றில் ஓரிருவர் எட்டும் இடம் அது. தற்காலிக நினைவில் 91. பார்த்து எழுதும் வேகத்தில் 80. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் “சராசரிக்கு மேல்” என்று ஒரு மங்கலான முடிவு வரும். அந்த ஒற்றை எண்ணை உளவியலாளர் தரவே மறுத்தார். உச்சிக்கும் அடிக்கும் 56 புள்ளி வித்தியாசம் இருக்கும்போது நடுவில் வருகிற எண் யாரைப் பற்றியும் எதையும் சொல்லாது என்றார். நினைவையும் வேகத்தையும் தள்ளிவிட்டு, சிந்திக்கும் திறனை மட்டும் கணக்கிடும் தனி அளவு ஒன்று இருக்கிறது. அதை எழுதித் தந்தார். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிக்கல், கூடவே டிஸ்கிராஃபியா என்கிற எழுதுவதில் வரும் சிக்கல் என்பது முடிவு. ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புச் சிக்கல் இருக்குமோ என்ற சந்தேகத்தையும் பார்த்தார், இல்லை.

இது புதுச் சிக்கல் ஒன்றும் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன், ஆனால் 749-ஐ 867-ஆல் சட்டென்று சரியாகப் பெருக்கியவன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. டிஸ்லெக்ஸியாவைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்றே இரட்டை நிலைப் பிள்ளை, அதாவது மீத்திறனும் கற்றல் சிக்கலும் சேர்ந்தே உள்ள பிள்ளை, ஒருவனைப் பற்றியது.

பெற்றோர் வந்தார்கள். அம்மா நிறையக் கேள்வி கேட்டார், குறிப்பெடுத்துக்கொண்டார். அப்பா பேசவே இல்லை. “குறைபாடு” என்ற சொல் வந்தபோது மட்டும், “என் பையனுக்குக் குறை ஒண்ணும் இல்ல மேடம்” என்றார். கிளம்பும்போது அம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். “நானும் இப்படித்தான். இன்னைக்கும் எந்த ஃபாரம் வந்தாலும் அவதான் படிச்சுச் சொல்லுவா.” டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் தொடர்ந்து வருவது பரவலாகத் தெரிந்த விஷயம்தான். நான் மதிப்பீட்டுக்கு முன் பெற்றோரிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

## முதல் முடிவு, ஆறு வாரம்

அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு அவசரம் தொற்றிக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் வீணாகிவிட்டன, இனி ஒரு வாரமும் போகக் கூடாது. வாசிப்புப் பயிற்சிக்கு நேரம் தேடினேன். மற்ற பாடங்களைத் தொட முடியாது, ஆசிரியர்கள் விடமாட்டார்கள். கைவசம் இருந்தது கணித மன்றத்தின் இரண்டு பீரியடும் விளையாட்டுப் பீரியட் ஒன்றும். கணக்கு அவனுக்குத் தானாகவே வருகிறது, அது எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். அந்த மூன்றையும் எடுத்து ரிமீடியல் வகுப்பில் போட்டேன். அங்கே அவனோடு இருந்தவர்கள் மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகள். புத்தகமும் அவர்களுக்கான புத்தகம்.

இரண்டாம் வாரம் காலையில் வயிற்றுவலி தொடங்கியது. நாலாம் வாரம் அறிவியல் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தினான். ஆறாம் வாரம் அம்மா போன் செய்தார். பையன் வீட்டில் பேசுவது குறைந்துவிட்டதாம், தான் பிரித்துப்போட்டு அடுக்கும் பழைய ரேடியோவைக்கூடத் தொடுவதில்லையாம். வாசிப்பில் முன்னேற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை.

நான் அவனிடமே கேட்டேன். முதல்முறையாக அன்றுதான் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கொஞ்ச நேரம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“எனக்கு வர்றதை எடுத்துட்டு வராததை ரெண்டு மடங்காக் குடுத்தீங்க. நான் முட்டாள்னுதானே மிஸ் அர்த்தம்?”

மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கால அட்டவணை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

## இரண்டாம் முடிவு

அந்த வாரமே மறுபடி கூடினோம். இம்முறை அவனும் இருந்தான். பதினொரு வயதுப் பையன் தன்னைப் பற்றிய கூட்டத்தில் உட்காருவது எங்கள் பள்ளியில் வழக்கம் இல்லை, தலைமை ஆசிரியர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

முதல் வேலையாக மன்றத்தைத் திருப்பிக் கொடுத்தோம், நிபந்தனை இல்லாமல். ஓர் ஆசிரியர், “வாசிப்புல முன்னேறினா மன்றம்னு வைங்களேன், உற்சாகமா இருக்கும்” என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. மன்றம் அவனுக்குப் பரிசு கிடையாது, பாடம். அவன் முழுத் திறனோடு இயங்கும் ஒரே இடத்தைப் பணயம் வைத்து வாசிப்பைக் கேட்டால் இரண்டும் போகும் என்பதை ஆறு வாரம் எங்களுக்குக் காட்டியிருந்தது.

வாசிப்புப் பயிற்சி தினமும் காலை 25 நிமிடம், என்னுடன் தனியாக. ஒலியிலிருந்து எழுத்துக்கு, எளியதிலிருந்து கடினத்துக்கு, படிப்படியாக, எதையும் ஊகத்துக்கு விடாமல். இந்த அடிப்படையில் சமரசம் கிடையாது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் சின்னப் பிள்ளைப் புத்தகத்தைத் தூக்கிவிட்டேன்.

பதிலாகச் சொற்களைக் கழற்றினோம். “எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து” என்று கரும்பலகையில் எழுதினேன். இவ்வளவு நீளச் சொல்லைப் பார்த்தாலே அவன் முகம் மூடிக்கொள்ளும். எழுதி, கொண்டு, இருந்த, அவர்கள், இடம், இருந்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இது ரேடியோ மாதிரி மிஸ். பார்ட் பார்ட்டா இருக்கு.” மறுநாள் புணர்ச்சிக்குப் போனோம். கல் + சிலை கற்சிலை, பல் + பொடி பற்பொடி என்று இரண்டு எழுதிவிட்டு நிறுத்தினேன். விதியை அவனே சொன்னான்: லகரத்துக்குப் பக்கத்தில் வல்லினம் வந்தால் றகரமாகிவிடுகிறது. “அப்போ கடல், கரை... கடற்கரை! அதனாலதான் அந்த ற்-ஆ?” அதுவரை ஒவ்வொரு முறையும் அவன் தப்பாக எழுதிவந்த சொல் அது. யாரும் காரணம் சொல்லாத எழுத்தை அவனால் நினைவில் வைக்க முடியவில்லை, காரணம் தெரிந்ததும் மறக்கவில்லை. “சொல் கணக்கு” என்று அட்டையில் எழுதி ஒரு நோட்டுப் போட்டான். நாலு மாதத்தில் அது நிரம்பியது.

அறிவைப் பெறவும் காட்டவும் வாசிப்பும் எழுத்தும் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அடுத்தது. பாடப் பகுதிகளை ஒலிவடிவில் கேட்கலாம். கணக்கின் கேள்வியை யாராவது வாசித்துச் சொல்லலாம். அறிவியல், சமூக அறிவியல் பதில்களை வாய்மொழியாகவோ வரைந்தோ சொல்லலாம். தேர்வில் கூடுதல் நேரமும், அவன் சொல்லச் சொல்ல எழுதித் தர ஓர் ஆளும். எழுத்துப்பிழைக்கு மொழித் தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைக்கலாம். உரக்க வாசிக்க அவனாகக் கை தூக்கினால் மட்டும் அழைக்க வேண்டும்.

மொழி ஆசிரியர் நேர்மையாக ஒரு கேள்வி கேட்டார். மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா? நான் பதில் சொல்வதற்குள் அறிவியல் ஆசிரியர் முந்திக்கொண்டார்: “நான் சோதிக்கிறது மிதத்தலை. அவன் துணைக்கால் போடுறானான்னு சோதிக்கணும்னா அது உங்க தாள்ல இருக்கட்டும்.” கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தாள் எதைச் சோதிக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்றைக்குத்தான் எங்களுக்கு வந்தது.

## நடந்தது

இரண்டு வாரத்தில் வயிற்றுவலி நின்றது. அது எளிதான பகுதி.

சொல்வதை எழுதும் ஆளோடு எழுதிய முதல் தேர்வு படுதோல்வி. வழக்கத்தைவிடக் குறைவான மதிப்பெண். அவன் எண்ணம் ஓடுகிற வேகத்துக்கு எழுதுபவர் கை ஓடவில்லை. “இரு, மெதுவாச் சொல்லு” என்று அவர் நிறுத்தும்போதெல்லாம் அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பது இவனுக்கு நழுவிவிடும். தற்காலிக நினைவு 91 என்று அறிக்கையில் படித்தபோது அது எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, தேர்வு அறையில் பார்த்தேன். சலுகை என்று ஒன்றைக் கொடுத்தோமே தவிர, அதைப் பயன்படுத்தப் பழக்கவில்லை. அப்புறம் வாரம் ஒருமுறை பழகினோம். பதில் சொல்வதற்கு முன் தாளில் ஐந்து கட்டம் வரைவான், ஒவ்வொன்றிலும் ஒரு சொல் அல்லது ஒரு படம். பிறகு கட்டம் கட்டமாகச் சொல்வான். அடுத்த தேர்வில் அறிவியல் 74.

ஏழாம் வகுப்பில் அவனே தட்டச்சு கேட்டான். இன்னொருவர் கையை நம்பி உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை என்றான். கையெழுத்தைவிடத் தட்டச்சு வேகமாக வர ஏறக்குறைய நாலு மாதம் ஆனது. முதல் இரண்டு மாதம் இரண்டுமே மெதுவாக இருந்தன. அந்தக் காலத்தில் இது வேண்டாத வேலையோ என்று எனக்கே தோன்றியது.

அதே ஏழாம் வகுப்பின் தொடக்கத்தில் இன்னொரு சறுக்கல். வகுப்பு ஆசிரியர் புதியவர். பையனைப் பற்றிய கோப்பு என் அலமாரியில் பத்திரமாக இருந்தது, அவர் கைக்குப் போகவில்லை. முதல் வாரமே அவனை எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பு சிரித்தது, இந்த முறை அவன் நகைச்சுவைக்காக இல்லை. அன்று மாலை அவன் என்னிடம் வந்து கோபமாக எதுவும் சொல்லவில்லை. “சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் மிஸ்” என்றான். நாற்பது பக்கக் கோப்பை யாரும் படிக்கமாட்டார்கள் என்று புரிந்து, ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு தயாரித்தோம். என்ன வரும், என்ன கஷ்டம், எதைச் செய்யக் கூடாது. வாசகங்களில் பாதி அவனுடையவை. “யோசிக்கிறப்ப நான் ஜன்னலைப் பார்ப்பேன், அது கவனக்குறைவு இல்லை” என்பது அவன் சேர்த்த வரி.

எட்டாம் வகுப்பின் முதல் பருவ முடிவில் நிலை இது. அந்தப் பொருளில்லாச் சொற்கள் மாதிரியே புதிதாக இருபது கொடுத்தோம், 17 சரி. வகுப்புக்கு ஏற்ற பத்தி வாசிப்பில் மற்றவர்கள் ஒன்றரை நிமிடத்தில் முடிப்பது அவனுக்கு இரண்டரை நிமிடம். துல்லியம் வந்துவிட்டது, வேகம் வரவில்லை. டிஸ்லெக்ஸியா உள்ள பலருக்குப் பெரியவர்களான பிறகும் வேகம் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே கூடுதல் நேரம் அவனுக்கு இனியும் தேவைப்படும். அறிவியல் 86, கணிதம் 91, மொழிப் பாடம் 58. எழுத்துப்பிழை குறைந்திருக்கிறது, போகவில்லை. உரக்க வாசிக்க இன்றுவரை அவன் கை தூக்கியதில்லை. மன்றத்தில் எட்டாம் வகுப்புக்காரர்களுக்கு இப்போது அவன்தான் கணக்குகளை உருவாக்கித் தருகிறான், வாய்மொழியாக. எழுதிவைப்பது இன்னொரு பையனின் வேலை.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

மன்றத்தை எடுத்தது என் முடிவு, அதை முதலில் வைக்கிறேன். இப்போது எந்தப் பிள்ளைக்கும் கால அட்டவணை போடும்போது முதலில் அவர்களுடைய பலத்துக்கான பீரியடைக் குறிக்கிறோம். பயிற்சிக்கான நேரம் அதற்குப் பிறகு. சில சமயம் நேரமே கிடைப்பதில்லை, காலை மணி அடிப்பதற்கு முன் வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எல்லாப் பெற்றோருக்கும் முடிவதில்லை.

பிள்ளையிடம் முதல் வாரமே கேட்டிருந்தால் அந்த ஆறு வாரம் மிச்சம். அறிக்கை வந்ததும் அதை அவனுக்கு அவன் மொழியில் விளக்கியிருக்கவும் வேண்டும். அவனுக்கு 136 என்ற எண்ணைச் சொல்லலாமா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, அவன் தன்னை முட்டாள் என்று முடிவுசெய்து முடித்திருந்தான்.

சலுகைகளைத் தேர்வுக்கு முந்தைய நாள் அறிவிப்பாக இல்லாமல், பருவத்தின் முதல் நாளிலிருந்து பழக்கமாகக் கொடுக்க வேண்டும். அப்பாவின் பள்ளி நாட்களைப் பற்றிய கேள்வியை இப்போது முதல் படிவத்திலேயே சேர்த்திருக்கிறோம். படிவமாகக் கொடுப்பதில்லை, உட்கார்ந்து பேசிக் கேட்டு நானே எழுதிக்கொள்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை.

நுழைவுத் தேர்வை மாற்றுவது இன்னும் முடியவில்லை. வாசித்துக் காட்டிய தாள் ஒன்று, சொற்களே இல்லாத வடிவப் புதிர்த் தாள் ஒன்று என்று இந்த ஆண்டு சோதித்துப் பார்த்தோம். கணித மன்றம் ஒத்துக்கொண்டது. அறிவியல் திட்டப்பணிக்குத் தேர்வு செய்பவர்கள் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறார்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் அந்த இரண்டு பட்டியல்களோடு இப்போது மூன்றாவதாக ஒரு தாளும் ஆசிரியர்களுக்குப் போகிறது. அதில் மதிப்பெண் கேட்பதில்லை. “பேசும்போது ஒருவராகவும் எழுதும்போது வேறொருவராகவும் தெரியும் பிள்ளை யாராவது?” என்ற கேள்வி மட்டும். இந்த ஆண்டு நாலு பெயர் வந்தது. இருவருக்கு மதிப்பீடு முடிந்துவிட்டது. ஒரு பையனுக்குக் கண்ணாடி போட்டதோடு சரியாகிவிட்டது. நாலாவது ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்காத, யாருக்கும் தொந்தரவு தராத பெண், அவளைப் பற்றி எழுதிக் கொடுத்தவர் நூலகர். வீட்டில் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி பேசப் போகிறேன்.